‘எவனோ’ என்ற சொல்லைப் பற்றி

சென்ற இதழுக்கு வந்து அச்சேறாமல் நின்றுவிட்ட ஒரு கவிதையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. எழுதியவர் நண்பர். ஒரகடத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிறந்தவர். இந்தப் பத்திரிகையை முதல் இதழிலிருந்து படித்து வருகிறவர். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நம் வட்டத்தின் விஸ்தீரணத்துக்கு, பெயர் போடாவிட்டாலும் யாரென்று தெரிந்துபோகும். இருந்தாலும் அவர் கேட்டார் என்பதற்காகப் போடவில்லை.

கவிதை முப்பது வரிக்குள் அடங்குவது. ஏரி, மதகு, களத்துமேடு, அதன்மேல் எழும்பிய கம்பெனிச் சுவர், விடியற்காலை ஷிப்ட் பஸ், பஸ்ஸிலிருந்து இறங்குகிற தமிழ் தெரியாத இளைஞர்கள். முடிவு இது:

பாட்டன் உழுத சாலில்
பான் எச்சில் துப்புகிறான்
எவனோ

நல்ல வரிகள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பாட்டனும் பானும் மோனையில் மோதிக்கொள்வதும், மூன்றாம் வரியில் ஒற்றைச் சொல்லை உதறிவிட்டுப் போவதும், அறுபது வருஷப் புதுக்கவிதை கற்றுக்கொடுத்த சிக்கனம். கெட்ட கவிதையாக இருந்திருந்தால் பிரச்னையே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம்.

ஆசிரியர் என்னிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு வாரம் கழித்து நண்பர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், நீங்க எலியட்டைப் பாடமாப் படிச்சவரு. எலியட் கன்ஸர்வேடிவ்வா இல்லையா? ஹாம்சன் ஹிட்லரைப் போய்ப் பார்த்தவனா இல்லையா? ரெண்டு பேரையும் தலையில வச்சிக் கூத்தாடினது யாரு, நம்ம ஆளுங்கதானே? அவங்க மண்ணைப் பத்தி எழுதினா இலக்கியம், நான் எழுதினா பாஸிஸமா? நான் பாஸிஸ்டு இல்ல சார். கன்ஸர்வேடிவ். இருந்ததைக் காப்பாத்தணும்னு நினைக்கிறேன், அவ்ளோதான்.”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வி நியாயமானது என்பது மட்டும் தெரிந்தது. அவருடைய கேள்வியில் நம்முடைய வாசிப்பு வரலாறே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

‘எழுத்து’ 1959 ஜனவரியில் தொடங்கிய நாளிலிருந்து நாம் எலியட்டையும் பவுண்டையும் உச்சரித்து வந்திருக்கிறோம். க.நா.சு. ஹாம்சனின் ‘நிலவளம்’, ‘பசி’ இரண்டையும் தமிழுக்குத் தந்தார். இதே கைதான் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யையும் ‘1984’ஐயும் மொழிபெயர்த்தது. சர்வாதிகாரம் என்றால் என்னவென்று தெரியாத கை இல்லை அது. ஆனால் ஹாம்சனைப் பற்றி நமக்குள் பேச்சு வந்தபோதெல்லாம் மண், மனிதன், மௌனம் என்றுதான் பேசினோம். அவர் அரசியல் ‘தெரிந்ததுதான்’ என்று ஒரு கையசைப்பு. கட்சிக்காரர்கள் கோஷத்தை இலக்கியம் என்று விற்றுக்கொண்டிருந்த காலத்தில், பிரதியை மட்டும் பார் என்று சொன்னதற்கு ஓர் அவசியம் இருந்தது. அந்த அவசியம் ஒரு சோம்பலாக மாறியதை நாம் கவனிக்கவில்லை. 1949-ல் பைசா நகரத்துச் சிறை முகாமில் பிறந்த கவிதைகளுக்காகப் பவுண்டுக்குப் போலிங்கன் பரிசு அறிவிக்கப்பட்டபோது அமெரிக்காவில் பெரிய கூச்சல் எழுந்தது. ரோம் ரேடியோவில் முஸோலினிக்காகவும் யூதர்களுக்கு எதிராகவும் பேசிய மனிதருக்குப் பரிசா என்று கேட்டார்கள். தேர்வுக் குழுவில் எலியட்டும் ஆடனும் இருந்தார்கள். குழுவின் முடிவு சரியா தப்பா என்பதை விட, அந்தச் சண்டை அங்கே நடந்தது என்பது முக்கியம். நம்மிடம் அப்படி ஒரு சண்டை நடக்கவில்லை. அதனால்தான் நண்பர் வாசலில் வந்து நின்றபோது எனக்கு வாய் அடைத்துப் போனது.

‘நிலவளம்’ நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். 1917-ல் வந்தது, 1920-ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. ஐசக் என்ற ஒருவன் ஆளில்லாத காட்டுக்குள் நடந்து போகிறான். மரம் வெட்டுகிறான், குடிசை போடுகிறான், ஆடு வாங்குகிறான், ஒரு பெண் வருகிறாள், பண்ணை வளர்கிறது. இருபது வருஷத்துக்கு முன் கல்லூரியில் முதல் தடவை படித்தபோது, இப்படி ஒரு வாழ்க்கை வாழமாட்டோமா என்று ஏங்கியிருக்கிறேன். இப்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் காடு ஆளில்லாத காடு இல்லை. முதல் பக்கத்திலேயே லாப்பியர் வருகிறார்கள் (இன்று ஸாமிகள் என்று சொல்ல வேண்டும், அதுதான் அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர்). முதலில் வந்த மனிதன் போட்ட பாதையில் அவர்கள் பின்னால் வருவதாக ஹாம்சன் எழுதுகிறார். பெண் வேண்டும் என்று ஐசக் சொல்லி அனுப்புவதே அந்த வழியாகப் போகும் லாப்பியரிடம்தான். அவன் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மான் கூட்டங்களோடு வடக்கு நார்வே முழுக்க நடந்தவர்கள் அவர்கள். ஆனால் நாவலில் அவர்கள் வந்து போகிறவர்கள், இளித்துக்கொண்டு காபிக்கும் துண்டுத் துணிக்கும் கை நீட்டுகிறவர்கள். ஆஸ்-ஆண்டர்ஸ் என்ற லாப்பியன் முயலைக் கொண்டுவந்து காட்டியதால்தான் கர்ப்பிணி இங்கெருக்குப் பிறந்த குழந்தைக்கு உதடு பிளந்தது என்ற மூடநம்பிக்கை, கதையின் மையமான சிசுக்கொலைக்கே காரணமாக நிற்கிறது. மண்ணை நேசிக்கிற மகத்தான கலைஞன், அந்த மண்ணில் முன்பே இருந்தவனுக்குத் தருகிற இடம் இது.

இதைத் தமிழில் படித்த எத்தனை பேர் கவனித்தோம்? நான் கவனிக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. 1943-ல் தன் நோபல் பதக்கத்தைக் கோயபல்ஸுக்கு அனுப்பினார். அதே வருஷம் ஜூனில் ஹிட்லரைச் சந்தித்தார். நார்வேயை ஆண்ட ஜெர்மன் அதிகாரி டெர்போவனை மாற்றச் சொல்லி வாதாடி, ஹிட்லரின் கோபத்துக்கு ஆளானார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் 1945 மே 7-ம் தேதி, எல்லாம் முடிந்து கிடந்தபோது, ஹிட்லருக்கு இரங்கல் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார். அப்போது வயது 85. பயந்து எழுதியதில்லை, லாபத்துக்கு எழுதியதில்லை. நம்பி எழுதியது. 1917-ல் ஆஸ்-ஆண்டர்ஸைப் படைத்த மனதுக்கும் 1945-ல் அந்த இரங்கலை எழுதிய மனதுக்கும் நடுவே நேர்ச்சாலை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒற்றையடிப் பாதை இருக்கிறது.

எலியட் விஷயம் இதைவிடச் சிக்கலானது. ஒரு காரணம், அவர் வங்கிக் குமாஸ்தா. 1917 முதல் 1925 வரை லண்டன் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தவர் (கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கூப்பிட்ட அனுபவம் அவருக்கு இருந்திருக்காது, ஆனாலும் பாசம் விடுவதில்லை). மரபு என்பது பாட்டன் சொத்துப்போல் சும்மா கைக்கு வருவதில்லை, பாடுபட்டுத்தான் அடைய வேண்டும் என்ற கட்டுரையை 1919-ல் அந்த வங்கிக் காலத்தில்தான் எழுதினார். இந்த வாதத்தின்படி மரபு ரத்தத்தில் ஓடுவதில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் பிறந்த ஒருவன் பாடுபட்டு ஆங்கில மரபுக்குள் நுழையலாம். அப்படி நுழைந்தவர்தான் அவரும். 1927-ல் ஞானஸ்நானம், அதே வருஷம் பிரிட்டிஷ் குடியுரிமை. அடுத்த வருஷம், இலக்கியத்தில் தான் செவ்வியல்வாதி, அரசியலில் முடியாட்சிக்காரன், சமயத்தில் ஆங்கிலோ-கத்தோலிக்கன் என்று பிரகடனம் செய்தார். நண்பர் மேற்கோள் காட்டியது இந்த எலியட்டைத்தான்.

இந்த மூன்று அடைமொழியும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். 1913-ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை சார்ல் மொராஸை வர்ணித்த சொற்களின் சாயல் அவை. ‘ஆக்ஸியோன் பிரான்ஸேஸ்’ இயக்கத்தின் தலைவர், யூதர்களையும் குடியரசையும் வாழ்நாளெல்லாம் வெறுத்தவர் மொராஸ். தன் தாந்தே பற்றிய சிறுநூலை எலியட் 1929-ல் அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். ஆக, ஒரே கஷாயத்தை இரண்டு பேர் குடித்தார்கள். மொராஸ் பெதேனின் விஷி ஆட்சியை வரவேற்று, 1945 ஜனவரியில் எதிரிக்கு உடந்தையாக இருந்ததற்காக ஆயுள் தண்டனை பெற்றார். எலியட் கோயில் தர்மகர்த்தா மாதிரி ஒரு லண்டன் தேவாலயத்துக்கு வார்டனாக இருந்தார், போர்க்காலத்தில் தன் பதிப்பகத்தின் மொட்டை மாடியில் இரவெல்லாம் குண்டுத்தீக்குக் காவல் நின்றார், 1955-ல் கன்ஸர்வேடிவ் கட்சிக்காரர்களின் மதிய விருந்தில் இலக்கியமும் அரசியலும் பற்றிக் கொஞ்சம் தூக்கம் வரும்படியாக ஒரு சொற்பொழிவு செய்தார்.

ஏன் இந்த வித்தியாசம்? எலியட் நல்லவர், மொராஸ் கெட்டவர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1933-ல் வர்ஜீனியாவில் எலியட் செய்த பிரசங்கம் இருக்கிறது. மரபு தழைக்க ஜனங்கள் ஒரே இனமாக இருக்க வேண்டும், சுதந்திரச் சிந்தனையுள்ள யூதர்கள் அதிகம் பேர் இருப்பது விரும்பத்தக்கதில்லை என்ற பொருள்படப் பேசினார். ஹிட்லர் பதவிக்கு வந்த அதே வருஷம். மறு வருஷம் புத்தகமாக வந்ததை அவர் பிறகு மறுபதிப்புச் செய்ய விடவில்லை. விடாதது வெட்கத்தினாலா விவேகத்தினாலா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. 1919-ல் பாடுபட்டால் மரபு கிடைக்கும் என்றவர், 1933-ல் சிலருக்குப் பாடுபட்டாலும் கிடைக்காது என்கிறார். தன் சிறந்த வாதத்தைத் தானே கொன்றார்.

வித்தியாசம் அவர்கள் நின்ற தரையில் இருந்தது. இங்கிலாந்தில் முடியாட்சிக்காரனாக இருப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ராஜா இருக்கிறார். தேவாலயம் இருக்கிறது. பார்லிமென்ட் இருக்கிறது. வரி கட்டிவிட்டு, கீதம் பாடும்போது எழுந்து நின்றால் போதும். பிரான்ஸில் ராஜா தலை போய் நூற்றைம்பது வருஷமாகிவிட்டது. அங்கே முடியாட்சிக்காரன் இருப்பதைக் காப்பாற்ற முடியாது, ஏனெனில் இருப்பது குடியரசு. இல்லாததைத் திரும்பக் கொண்டுவர, இருப்பதை உடைக்க வேண்டும். உடைப்பதற்கு யார் காரணமென்று ஓர் ஆளைக் காட்ட வேண்டும். கண்முன் இருக்கிற ஒன்றை, அதன் ஓட்டை உடைசலோடு, பேணுகிறவனுக்கு அளவு தெரியும். தான் பார்த்தே இராத ஒன்றைக் காதலிக்கிறவனுக்கு அளவு தெரியாது, அதற்கு முட்டுக்கொடுக்க எதிரி ஒருவன் எப்போதும் வேண்டும். இருவரும் ‘மரபு’ என்ற ஒரே சொல்லைத்தான் உபயோகிக்கிறார்கள். நண்பர் செய்த குழப்பம் இங்கேதான்.

தரை மட்டும் போதாது, வாசற்காவலும் வேண்டியிருக்கிறது. 1933 ஜனவரி 30-ல் அமைந்த ஹிட்லர் மந்திரிசபையில் நாஜிகள் அவரையும் சேர்த்து மூன்றே பேர். மற்றவர்கள் பாப்பென் முதலான பழமைவாதப் பெரிய மனிதர்கள். இவனை நாம் அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி அவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள். எட்கர் யுங் என்ற எழுத்தாளர் ஜனநாயகத்தை ஏளனம் செய்து தடித்த புத்தகம் எழுதியவர். 1934-ல் பயந்துபோய், நாஜிகளைக் கண்டித்துப் பாப்பென் படிக்கும்படி ஒரு பிரசங்கம் எழுதிக்கொடுத்தார். இரண்டு வாரத்துக்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள். எழுத்தாளனாகப்பட்டவன் இந்த ஒரு வாழ்க்கையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

இங்கிலாந்திலும் அப்படி ஒரு நாள் வந்தது. 1968 ஏப்ரல் 20, பர்மிங்ஹாம். ஈனக் பவல், வந்து குடியேறுகிறவர்களால் நாடு ரத்தக்களரியாகும் என்று வர்ஜிலைத் துணைக்கழைத்துப் பேசினார். பவல் சாதாரண அரசியல்வாதி இல்லை. 25 வயதில் கிரேக்கப் பேராசிரியர், கவிதைத் தொகுதிகள் வெளியிட்டவர், யுத்தகாலத்தில் இந்தியாவில் இருந்து உருது கற்றவர். மறுநாள் கட்சித் தலைவர் ஹீத் அவரை நிழல் மந்திரிசபையிலிருந்து நீக்கினார். கப்பல்துறைத் தொழிலாளிகள் பவலுக்காக ஊர்வலம் போனார்கள் என்பதும் சரித்திரம்தான். ஜனங்கள் பவல் பக்கம் இருந்தபோது கட்சி அவரை வெளியே தள்ளியது. பிரிட்டிஷ் கன்ஸர்வேடிவ் மரபின் மொத்தப் பெருமையும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் பெருமைப்பட அதிகமில்லை. பத்து வருஷத்தில் தாட்சர் டெலிவிஷனில், வேற்றுக் கலாசாரக்காரர்களால் நாடு மூழ்கிப்போகும் என்று ஜனங்கள் பயப்படுவதாக, பவலின் பயத்தை நாசூக்கான பாஷையில் சொன்னார். பயம் உள்ளே வந்துவிட்டது, ஆள்தான் வெளியே இருந்தார். 2024 ஜூலை தேர்தலில் கன்ஸர்வேடிவ் கட்சி 121 இடத்துக்குச் சுருங்க, அதன் வலப்பக்கத்தில் நின்ற ரிஃபார்ம் கட்சி நூற்றுக்குப் பதினான்கு ஓட்டு வாங்கியது. அடுத்த மாதம் ரோதர்ஹாமில் ஒரு கும்பல், புகலிடம் கேட்டு வந்தவர்கள் தங்கியிருந்த ஓட்டலைச் சூழ்ந்து தீ வைக்கப் பார்த்தது. சௌத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த அந்நியன் என்று ஒரு வதந்தி. அவன் பிரிட்டனிலேயே பிறந்தவன். ஐரோப்பாவின் வியாதி இங்கிலாந்தை அண்டாது என்ற பழைய நம்பிக்கையை இனி யாரும் வைத்துக்கொள்ள முடியாது.

ஓட்டலைச் சுற்றி நின்ற கும்பலைப் படத்தில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல்கள்தான். இங்கே யாரும் தீ வைக்கவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகள் அடித்துக் கொல்லப்படுவதாகப் பரவிய வீடியோக்கள் பொய் என்று நிரூபணமாயிற்று, பரப்பியவர்கள்மேல் வழக்குப் பதிவாயிற்று. பொய்தான். ஆனால் பொய் நம்பப்படுவதற்கு ஒரு சூழல் வேண்டும். ‘வடக்கன்’ என்ற சொல் டீக்கடையில் எந்தத் தொனியில் புழங்குகிறது என்பதை நாம் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். நண்பரின் கவிதை அந்தத் தொனியிலிருந்து வருகிறது. அதற்குக் கவித்துவமும் சேர்ந்துவிட்டது என்பதுதான் என் கவலை.

அப்படியானால் தமிழில் உண்மையான கன்ஸர்வேடிவ் யார்? ராஜாஜி என்றுதான் சொல்ல வேண்டும். ‘எழுத்து’ பிறந்த அதே 1959-ல், ஜூன் மாதம், அதே சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. அந்த ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் நிறைவேற்றிய கூட்டுப்பண்ணைத் தீர்மானம்தான் உடனடிக் காரணம். உழவனிடமிருந்து நிலத்தை அரசாங்கம் எடுக்கக் கூடாது, பட்டா புனிதமானது. பிரிட்டிஷ் பழமைவாதத்தின் தெளிவான தமிழ்ப்படி. ஆனால் ஆறு வருஷத்துக்கு முன், 1953-ல், இதே மனிதர்தான் பள்ளிக்கூடத்தை அரை நேரமாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் பேணுவதற்கு ராஜாவும் தேவாலயமும் இருந்தன. இங்கே பேணுவதற்குக் கண்முன் நிற்கிற ஸ்தாபனம் ஜாதிதான். இந்த நாட்டில் ‘இருந்ததைக் காப்பாத்தணும்’ என்று சொல்கிற எவரும் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேச வேண்டும். ராஜாஜி விஷயத்தில் ஒன்று உண்டு: தமிழ்நாடு அந்தத் திட்டத்தை எதிர்த்தது, 1954-ல் அவர் பதவியை விட்டு வீட்டுக்குப் போனார், அடுத்து வந்த காமராஜ் அதைக் கைவிட்டார். அவரைத் தோற்கடிக்க முடிந்தது. தோற்றபின் அவர் வீட்டுக்குப் போனார். மொராஸ் வகையறாக்களிடம் நாம் எதிர்பார்க்க முடியாதது இந்த வீட்டுக்குப் போவது.

இனி நண்பரின் சாலுக்கு வருவோம்.

அவருடைய தாத்தாவுக்கு இரண்டே முக்கால் ஏக்கர் நஞ்சை இருந்தது. தொழிற்பேட்டைக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. இதற்கென்றே தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது, தொழில் நோக்கங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டம். அந்தப் பணம் எங்கள் கிளை வழியாகத்தான் போயிற்று என்று, நான் அங்கே வருவதற்கு முன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வைப்புநிதி, கல்யாணம், ஒரு கார், மீதி கோர்ட்டு. பக்கத்து ஊர்களில் எல்லோர் கதையும் ஏறக்குறைய இதுதான். ராஜாஜி இருந்திருந்தால் இந்தச் சட்டத்தைப் பிரித்து மேய்ந்திருப்பார். நண்பரின் கவிதையில் சட்டம் இல்லை, அரசாணை இல்லை, கையெழுத்துப் போட்ட அதிகாரி இல்லை, விலை பேசிய தரகர் இல்லை. கவிதையில் அவையெல்லாம் வர வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஆனால் கோபம் யாரோ ஒருவர்மேல் பாயத்தான் செய்கிறது. நிலம் போன பிறகு பல வருஷம் கழித்து, பத்தாயிரத்துச் சொச்சம் சம்பளத்துக்கு ஒடிஸாவிலிருந்து வந்து இறங்கிய பையன் மேல் பாய்கிறது. பட்டாவைக் கேட்டிருந்தால் அது கன்ஸர்வேடிவ் கவிதை. பாட்டனை மட்டும் கேட்கிறது.

இதே சாலையில் கோபம் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்ததையும் பார்த்திருக்கிறோம். 2024 செப்டம்பர் 9-ல் சாம்சங் தொழிலாளிகள் சங்கம் கேட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. அவர்களில் பலர் நிலம் போன இதே கிராமங்களைச் சுற்றியுள்ள பையன்கள். அவர்கள் எதிரி யாரென்று ஹாஸ்டலில் தேடவில்லை.

கவிதையின் முதல் வரியில் ‘உழுத’ என்று ஒரு வினை இருக்கிறது. நான் நண்பரிடம் கேட்டேன், தாத்தாவா உழுதார் என்று. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “படியாள் இருந்தான் சார்” என்றார். சேரியிலிருந்து வந்த படியாள். அவன் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. அவனுக்கு அந்த நிலத்தில் ஒரு சென்ட் கிடையாது, அதனால் நஷ்டஈடும் கிடையாது. இது செங்கல்பட்டுச் சீமை. 1891-ல் இந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், பறையர்கள் நிலைமை பற்றி எழுதிய குறிப்புதான் மறு வருஷம் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணைக்கு வழிசெய்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது. அந்த நிலங்களில் பெரும்பகுதி எப்படி யார் யார் கைக்கு மாறியது என்பது தனிக் கதை. அதைத் திருப்பிக் கேட்டவர்கள் மீது 1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். உழுதவன் ஒருவன், பாட்டன் ஒருவன் என்று இந்த மண்ணில் எப்போதும் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ‘பாட்டன் உழுத சால்’ அந்த இரண்டு பேரை ஒருவராக்குகிறது. அப்படி ஆக்கினால்தான் மண்ணின் மைந்தன் என்ற சித்திரம் உருவாகும். இது ஹாம்சனின் ஆளில்லாத காடு. லாப்பியன் இங்கேயும் முதல் பக்கத்திலேயே இருக்கிறான்.

ஆகவே நான் சொல்வது, கவிதை அரசியல்ரீதியாகத் தப்பு என்பதற்கு முன்னால், கவிதையாகவே அது பொய்யான ஒரு வினைச்சொல்லில் நிற்கிறது. அந்த மோனை வெற்றி பெறுவதே அந்தப் பொய்யால்தான். ‘பாட்டன் உழுவித்த’ என்று எழுதிப் பாருங்கள். சந்தம் செத்துவிடும், கூடவே எச்சிலின் மேலுள்ள கோபமும் பாதி செத்துவிடும். பிரதியை மட்டும் பார் என்று நம் முன்னோடிகள் சொன்னதை நான் கைவிடவில்லை. பிரதியை நன்றாகப் பார்த்தால் அது நிலப் பதிவேட்டில் கொண்டுபோய் விடுகிறது. ‘நிலவள’த்தையும் நாம் இப்படிப் பார்த்திருக்க வேண்டும். பார்த்த பிறகும் அது பெரிய நாவலாகவே இருந்திருக்கும்.

அடுத்தது ‘எவனோ’. நண்பர் மிகவும் பெருமைப்படுகிற சொல். அவன் எவனோ இல்லை. எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கிறான். அவன் பெயர், அவன் அப்பா பெயர், பாலாசோர் ஜில்லாவில் அவன் கிராமம், நாமினியாகப் போட்டிருக்கிற தங்கையின் வயது எல்லாம் எனக்குத் தெரியும். (வங்கி விதிப்படி வெளியே சொல்லக் கூடாது. அதனால் ஜில்லாவை மாற்றியிருக்கிறேன்.) ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி வந்து வீட்டுக்குப் பணம் போட்டுவிட்டு, பாஸ்புக்கில் வரி அச்சாகிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போவான். ‘பைசா போய்டுச்சா அண்ணா’ என்று கேட்பான். அண்ணா என்ற சொல்லை எந்தப் பாடுபட்டுப் பெற்றானோ, சரியாக உச்சரிக்கிறான். அவன் ஊரில் அவன் அப்பா யாருடைய நிலத்தில் உழுதார் என்று நான் கேட்டதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எச்சில் துப்புகிறான், அதுவும் உண்மை. வங்கி வாசல் சுவர் மூலையில் துப்புகிறான், நான் திட்டியும் இருக்கிறேன். தமிழர்களும் துப்புகிறார்கள், அந்தச் சுவர் மூலையில் இனபேதம் கிடையாது.

கவிதையில் பெயர் வர வேண்டும் என்பதில்லை. தெரியாதவனைத் தெரியாதவன் என்று சொல்வது ஒன்று. தெரிந்துகொள்ள மறுத்துவிட்டு ‘எவனோ’ என்று உதறுவது வேறொன்று. எலியட் 1933-ல் உபயோகித்தது அந்த இரண்டாவது. எண்ணிக்கை அதிகம் வேண்டாம் என்றாரே, அதில் ஆள் கிடையாது, எண்ணிக்கைதான் உண்டு. ஓர் ஆளாக, ஒரு முகமாகப் பார்த்திருந்தால் அந்த வாக்கியத்தை அவரால் முடித்திருக்க முடியாது. பிரிட்டிஷ் பழமைவாதம் ஐரோப்பியத் தீவிர வலதாக மாறுகிற இடம் தேர்தல் மேடையில் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். நமக்குத் தொழில் சொல்லோடு. நான் பார்த்தவரை அந்த இடம் இப்படி ஒரு சுட்டுப்பெயரில் இருக்கிறது. படியாளின் பெயர் மறந்துபோன அதே வாய்தான் இந்தப் பையனை எவனோ என்கிறது என்று நண்பரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது, ஏனென்றால் அவர் நிலம் போனவர், நான் மாதச் சம்பளக்காரன், கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி இங்கே வந்தவன். அவர் கணக்கில் நானும் ஒரு எவனோதான். அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

ஏரி இன்னும் இருக்கிறது. செங்கல்பட்டை ஏரி ஜில்லா என்பார்கள். கவிதையின் இரண்டாம் பத்தியில் அந்த மதகு வருகிறது: பலகை செத்துப்போய், ஆகாயத்தாமரை அடைத்து, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் முனகுகிற மதகு. அந்த ஆறு வரிகள் அவர் எழுதியதிலேயே மேலானவை என்பது என் அபிப்பிராயம். அங்கே அவர் எதையும் காதலித்து ஏமாறவில்லை. கண்முன் கெட்டுக்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எதிரி தேவைப்படவில்லை. அவர் கன்ஸர்வேடிவ் என்றால் அந்த ஆறு வரியில்தான் கன்ஸர்வேடிவ், அதை நான் மறுக்கவே மாட்டேன்.

கவிதையை முழுசாகவும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் இந்தக் கட்டுரையையும் போடலாம் என்று ஆசிரியரிடம் யோசனை சொன்னேன். ஆசிரியர் சம்மதித்தார். நண்பர் முதலில் சரி என்றார், பிறகு கட்டுரையின் பிரதியைப் படித்துவிட்டுக் கவிதையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திருத்தப் போகிறாரா, வேறு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாரா என்று சொல்லவில்லை. மூன்று வரியை மட்டும் மேற்கோள் காட்ட அனுமதி கொடுத்தார். மதகு பற்றிய ஆறு வரியைக் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டார்.